ஒரே மேசை, ஒரே மொனிட்டர்: டெஸ்க்டொப்பையும் லப்டொப்பையும் மாற்றி மாற்றிப் பாவிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டில் மேசை ஒன்றுதான். அதில் ஒரு டெஸ்க்டொப் இருக்கிறது. அதே மேசைக்கு என் அலுவலக லப்டொப்பும் மனைவியின் பாடசாலை லப்டொப்பும் வந்து போகும். மூன்றுக்கும் ஒரே 24 அங்குல மொனிட்டர், ஒரே கீபோர்ட், ஒரே மவுஸ். இயந்திரம் மாற இரண்டு பட்டன்களைத் தட்டினால் போதும்.

இதைச் சரிப்படுத்திய பிறகு திருகோணமலை உவர்மலையில் பக்கத்து வீட்டு ரீச்சர், நிலாவெளியில் விருந்தினர் விடுதிக்குக் கணக்குப் பார்க்கும் மச்சான், கோணேசபுரி வளாகத்தில் படிக்கும் மருமகள் என்று ஆறேழு பேருக்கு மேசை ஒழுங்குபடுத்திக் கொடுத்திருக்கிறேன். அநேகமாக எல்லோரும் இடறியது ஒரே இடத்தில்தான். பொருளை முதலில் வாங்கிவிட்டு, லப்டொப்பின் பக்கவாட்டைப் பிறகுதான் பார்த்தார்கள். கொழும்பில் இருந்து வரவழைத்த பொருளைத் திருப்பி அனுப்புவது இங்கே எவ்வளவு அலைச்சல் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. கடைக்குப் போகும் முன் ஒரு தாள்

ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். அதில் என்னென்ன போர்ட் இருக்கிறது, எத்தனை இருக்கிறது, சார்ஜர் எத்தனை வொட் என்று எழுதுங்கள். சார்ஜரின் அடியில் வோல்ட்டும் ஆம்பியரும் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் வொட். 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்றால் 65 வொட். கடைசி வரியில் மொனிட்டரின் பின்னால் உள்ளவற்றை எழுதுங்கள்.

என் தாளில் இருந்தது இது: டெஸ்க்டொப்பில் டிஸ்ப்ளேபோர்ட், எச்டிஎம்ஐ (இரண்டும் மொனிட்டருக்குப் படம் அனுப்பும் போர்ட்கள்) இரண்டும் உண்டு. அலுவலக லப்டொப்பில் எச்டிஎம்ஐ ஒன்று, யூஎஸ்பி-சி ஒன்று, சாதாரண யூஎஸ்பி இரண்டு. மனைவியின் லப்டொப்பில் எச்டிஎம்ஐ மட்டும். மொனிட்டரில் எச்டிஎம்ஐ ஒன்று, டிஸ்ப்ளேபோர்ட் ஒன்று, பழைய விஜிஏ ஒன்று.

இதை எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. மேசைக்கு மூன்று இயந்திரங்கள் வந்தாலும் இடம் இரண்டுதான் தேவை. ஒன்று எப்போதும் மேசையிலேயே இருக்கும் டெஸ்க்டொப்புக்கு, மற்றது வந்து போகும் லப்டொப்புக்கு. இரண்டு லப்டொப்பும் ஒரே நேரத்தில் அந்த மேசையில் இருக்கப் போவதில்லை. மூன்று இயந்திரத்துக்கான பெட்டியைத் தேடி அலையும் பலருக்கு உண்மையில் இரண்டு இயந்திரத்துக்கானதே போதும்.

யூஎஸ்பி-சி போர்ட் இருந்தால் அதைத் தனியாகக் கவனியுங்கள். வடிவம் ஒன்றாக இருந்தாலும் எல்லா யூஎஸ்பி-சியும் ஒரே வேலையைச் செய்யாது. சிலதில் கோப்பு மட்டும் போய் வரும். சிலதில் சார்ஜும் ஏறும். சிலதில்தான் படமும் போகும். போர்ட்டுக்குப் பக்கத்தில் மின்னல் குறி இருந்தால் பெரும்பாலும் தண்டர்போல்ட் (படமும் போகும் வகை). டி-யும் (D) பி-யும் (P) சேர்ந்த குறி இருந்தால் படம் போகும். குறி எதுவும் இல்லாவிட்டாலும் படம் போகக்கூடும். லப்டொப்பின் அடியில் உள்ள மொடல் எண்ணைத் தேடி, தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் ‘டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்’ என்று இருக்கிறதா பாருங்கள். அதுவும் தெளிவில்லை என்றால் லப்டொப்பையே கடைக்குக் கொண்டு போய், அங்குள்ள மொனிட்டரில் கொழுவிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

2. எந்த வழி என்று முடிவெடுத்தல்

இந்த வழிகாட்டியில் நான் ஒன்றை வற்புறுத்துவேன் என்றால் அது இதுதான்: படத்தை மாற்றும் வேலையை மொனிட்டரிடம் விடுங்கள்; நீங்கள் மாற்ற வேண்டியது கீபோர்ட்டையும் மவுஸையும் மட்டும்.

இன்றைய மொனிட்டர்கள் பெரும்பாலானவற்றில் குறைந்தது இரண்டு உள்வாங்கும் போர்ட்கள் இருக்கும். டெஸ்க்டொப்பை ஒன்றிலும் லப்டொப்பை மற்றதிலும் நேரடியாகக் கொழுவி, மொனிட்டரின் பட்டனால் மாற்றலாம். கீபோர்ட், மவுஸுக்கு மட்டும் ஒரு சிறிய யூஎஸ்பி ஸ்விட்ச் (பட்டன் தட்டினால் அவற்றை ஒரு இயந்திரத்தில் இருந்து மற்றதுக்கு மாற்றுவது) போதும். படம் எந்தப் பெட்டிக்குள்ளும் புகுந்து வராததால் தரம் குறையாது, பிழை வந்தால் தேடவும் சுலபம். செலவும் மற்ற எல்லா வழிகளையும் விடக் குறைவு.

இரண்டாவது வழி கேவிஎம் பெட்டி. கீபோர்ட், படம், மவுஸ் மூன்றையும் ஒரே பட்டனில் மாற்றும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மலிவான கேவிஎம் பல, நீங்கள் மறுபக்கம் மாறியவுடன் முதல் இயந்திரத்துக்கு ‘மொனிட்டரைக் கழற்றிவிட்டார்கள்’ என்ற தகவலைக் கொடுத்துவிடும். திரும்பி வரும்போது திறந்து வைத்த விண்டோக்கள் எல்லாம் இடம் மாறிக் கிடக்கும். கேவிஎம்தான் வேண்டும் என்றால் ‘ஈடிஐடி எமுலேஷன்’ உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். மொனிட்டரின் விவரத்தைப் பெட்டியே ஞாபகம் வைத்திருந்து, இயந்திரத்துக்குத் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டு மொனிட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி பொருந்தும், ஏனென்றால் இரண்டையும் தனித்தனியாகப் பட்டன் தட்டி மாற்றுவது ஒரு வாரத்தில் அலுத்துவிடும்.

மூன்றாவது, கேவிஎம் உள்ளேயே இருக்கும் யூஎஸ்பி-சி மொனிட்டர். புதிதாக மொனிட்டர் வாங்கப் போகிறவர்களும், படம் போகும் யூஎஸ்பி-சி லப்டொப்பில் வைத்திருப்பவர்களும் மட்டும் இதை யோசியுங்கள். இருக்கிற நல்ல மொனிட்டரை விற்றுவிட்டு இதற்குப் போகத் தேவையில்லை.

சரி, கேபிள் வாங்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். போர்ட் மாற்றும் கேபிள்களுக்குத் திசை உண்டு. ஒரு முனை டிஸ்ப்ளேபோர்ட், மறுமுனை எச்டிஎம்ஐ உள்ள சாதாரண கேபிள், கம்பியூட்டரின் டிஸ்ப்ளேபோர்ட்டில் இருந்து மொனிட்டரின் எச்டிஎம்ஐக்குத்தான் படம் கொண்டு போகும். லப்டொப்பின் எச்டிஎம்ஐயில் இருந்து மொனிட்டரின் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு அதைத் திருப்பிக் கொழுவினால் ஒன்றும் வராது. விஜிஏ மாற்றிகளும் அப்படித்தான். மச்சான் இந்த ஒரு காரணத்துக்காக மூன்று கேபிள் மாற்றினார். மூன்றும் நல்ல கேபிள்கள், திசைதான் பிழை. முடிந்த அளவு இரண்டு முனையும் ஒரே வகையான கேபிளையே பாவியுங்கள். நீளம் 2 மீற்றர் போதும்.

3. கரண்டும் எர்த்தும்

கேபிள்களைத் தொடுவதற்கு முன் பிளக் பக்கத்தை முடிக்க வேண்டும். பிறகு மேசையை இழுத்து எல்லாவற்றையும் கழற்றுவது இரட்டை வேலை.

மேசையில் உள்ள எல்லாம் ஒரே சுவர் சொக்கெட்டில் இருந்து, எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் கோட் வழியாக வரட்டும். டெஸ்க்டொப்பின் உடம்பு எர்த்தோடு சேர்ந்திருக்கும். பல லப்டொப் சார்ஜர்களில் எர்த் கிடையாது. எச்டிஎம்ஐ கேபிள் இரண்டின் உடம்பையும் மொனிட்டர் வழியாக இணைத்துவிடுகிறது. சொக்கெட்டில் எர்த் சரியில்லை என்றால் லப்டொப்பின் உலோக மூடியைத் தொடும்போது கையில் ‘ஜிவ்’ என்று இருக்கும். அதைப் பழக்கமாக்கிக் கொள்ளாதீர்கள். ஒரு மின்னியலாளரைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எர்த் துளைக்குள் பேனை மூடியை விட்டு, இருமுள் பிளக்கைச் செருகும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள். 230 வோல்ட் இது. ஒழுங்கான அடப்டர் ஒன்று வாங்குவது பெரிய செலவில்லை.

யூபிஎஸ் (கரண்ட் போனதும் கொஞ்ச நேரம் தாங்கும் பற்றரிப் பெட்டி) இருந்தால் எதை எதில் கொழுவுவது என்பதிலும் வரிசை இருக்கிறது. டெஸ்க்டொப், மொனிட்டர், ரவுட்டர் மூன்றும் யூபிஎஸ்ஸில். லப்டொப் சார்ஜர் வெளியே, ஏனென்றால் லப்டொப்புக்குப் பற்றரி இருக்கிறது. லேசர் பிரின்டர் கட்டாயம் வெளியே. சூடாகும் நேரத்தில் அது இழுக்கும் கரண்டை வீட்டு யூபிஎஸ் தாங்காது. யூஎஸ்பி ஸ்விட்ச்சுக்கோ டொக்குக்கோ (எல்லாவற்றையும் ஒரே கேபிளில் லப்டொப்போடு இணைக்கும் பெட்டி, 7ஆம் பகுதியில் வரும்) தனி அடப்டர் இருந்தால் அதுவும் யூபிஎஸ்ஸில்தான். பக்கத்து வீட்டு ரீச்சர் அதை வெளியே கொழுவியிருந்தார். கரண்ட் போனதும் டெஸ்க்டொப் ஓடிக்கொண்டிருந்தது, கீபோர்ட்டும் மவுஸும் செத்துவிட்டன. “தம்பி, மெசின் ஓடுது, ஆனா நிப்பாட்ட ஏலாமக் கிடக்கு” என்று போன் எடுத்தார்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் நின்றபோது பலர் யூபிஎஸ் வாங்கினார்கள், வேலையைத் தொடரலாம் என்ற நம்பிக்கையில். சாதாரண 650 விஏ யூபிஎஸ் தருவது சில நிமிடங்கள். சேமித்துவிட்டு டெஸ்க்டொப்பை நிறுத்த அது போதும். வேலையை லப்டொப்பில் தொடருங்கள். அதற்குத்தான் முக்கியமான கோப்புகள் இரண்டிலும் இருக்க வேண்டும்.

4. டெஸ்க்டொப்பை முதலில் நிலைநிறுத்துங்கள்

எப்போதும் மேசையில் இருக்கும் இயந்திரத்தை முதலில் முழுமையாக முடித்த பிறகே லப்டொப்பைத் தொடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கொழுவினால், படம் வராதபோது பிழை எந்தப் பக்கம் என்று தெரியாது.

தனி கிராபிக்ஸ் கார்ட் இருந்தால் மொனிட்டர் கேபிள் அந்தக் கார்டின் போர்ட்டில்தான் போக வேண்டும். மேலே மதர்போர்ட்டில் இருக்கும் எச்டிஎம்ஐயில் கொழுவுவது புதியவர்கள் செய்யும் முதல் பிழை. இன்டெல் புரொசசர் எண்ணின் முடிவில் எஃப் இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. மதர்போர்ட் போர்ட்டில் இருட்டு மட்டுமே வரும்.

இரண்டு போர்ட்டில் எதை யாருக்குக் கொடுப்பது? டெஸ்க்டொப்புக்கு டிஸ்ப்ளேபோர்ட், லப்டொப்புக்கு எச்டிஎம்ஐ. டிஸ்ப்ளேபோர்ட்டின் முனையில் பெரும்பாலும் பூட்டு இருக்கும். ஒருமுறை போட்டால் அசையாது. எச்டிஎம்ஐ சும்மா இழுத்தாலே வரும். தினமும் கழற்றிப் பூட்ட அது வசதி. அத்தோடு வீட்டுக்கு வரும் எந்த லப்டொப்பிலும் எச்டிஎம்ஐ இருக்க வாய்ப்பு அதிகம்.

படம் வந்ததும், மொனிட்டரின் மெனுவில் உள்ளீட்டைத் தானாகத் தேடும் வசதியை நிறுத்திவிடுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால், நீங்கள் லப்டொப்பில் வேலை செய்யும்போது டெஸ்க்டொப் தூக்கத்தில் இருந்து எழுந்தாலோ கேபிள் ஒரு கணம் அசைந்தாலோ மொனிட்டர் தன் விருப்பத்துக்குத் தாவும். சில மொனிட்டர்களில் உள்ளீட்டை மாற்ற ஒரு குறுக்குப் பட்டனை ஒதுக்கலாம். அதைச் செய்து வையுங்கள்.

5. லப்டொப்பின் படம்

லப்டொப்பை நிறுத்திய நிலையிலேயே எச்டிஎம்ஐ கேபிளை முதன்முறை கொழுவி, பிறகு ஓன் பண்ணுங்கள். மொனிட்டரை எச்டிஎம்ஐ உள்ளீட்டுக்கு மாற்றுங்கள். படம் வரவில்லை என்றால் லப்டொப்பில் விண்டோஸ் பட்டனையும் பி (P) எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். நான்கு தெரிவுகள் வரும். பெரிய மொனிட்டரில் மட்டும் வேலை என்றால் கடைசித் தெரிவு; இரண்டு திரையும் வேண்டும் என்றால் நீட்டிக்கும் தெரிவு. இரண்டிலும் ஒரே படம் காட்டும் தெரிவை விட்டுவிடுங்கள். இரண்டு திரைக்கும் பொதுவான ஏதோ ஓர் அளவுக்கு இறங்கி, எழுத்து மங்கலாக வரும்.

அடுத்து டிஸ்ப்ளே செட்டிங்ஸில் மொனிட்டரின் சொந்த அளவு தெரிவாகி இருக்கிறதா, புதுப்பிக்கும் வேகம் 60 ஹேர்ட்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். 4கே மொனிட்டர் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் நிதானமாக நில்லுங்கள். எச்டிஎம்ஐ 1.4 வழியாக 4கே படம் 30 ஹேர்ட்ஸில்தான் போகும். மவுஸ் அம்பு சேற்றில் நடப்பது போல இருக்கும்; பலர் மவுஸைத்தான் மாற்றுவார்கள். 60 ஹேர்ட்ஸ் வேண்டும் என்றால் லப்டொப், கேபிள், மொனிட்டர், இடையில் ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் சிறு பெட்டி) இருந்தால் அதுவும் எச்டிஎம்ஐ 2.0 ஆக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் முழுச் சங்கிலியும் குறைந்துவிடும். சாதாரண 1080 மொனிட்டருக்கு இந்தக் கவலை இல்லை.

யூஎஸ்பி-சி வழியாகப் படம் எடுப்பவர்கள் போன் சார்ஜ் கேபிளைப் பாவிக்காதீர்கள். முனை சரியாகப் பொருந்தும், சார்ஜும் ஏறும், படம் மட்டும் வராது. அந்தக் கேபிள்களில் பெரும்பாலும் யூஎஸ்பி 2.0க்கான கம்பிகளே இருக்கும். படத்துக்கான கம்பிகள் உள்ளே இல்லை. மருமகள் இதனால் லப்டொப்பே பழுது என்று நினைத்து இரண்டு நாள் கவலைப்பட்டாள். சரியான கேபிளைக் கொழுவிய அடுத்த நொடியே படம் வந்தது.

மூடியை மூடி வைத்து வேலை செய்ய விரும்பினால், விண்டோஸின் பவர் செட்டிங்ஸில் மூடியை மூடும்போது என்ன நடக்க வேண்டும் என்ற இடத்தில், சார்ஜர் கொழுவியிருக்கும் நிலைக்கு மட்டும் ‘ஒன்றும் செய்யாதே’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். பற்றரியில் ஓடும் நிலைக்கு அதை மாற்றாதீர்கள். மாற்றினால் பைக்குள் வைத்த லப்டொப் உள்ளேயே ஓடிச் சூடேறும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நான் மூடியைப் பாதியாவது திறந்துதான் வைக்கிறேன். அந்த வெக்கையில் கீபோர்ட் பக்கமாகவும் சூடு வெளியேற வழி வேண்டும்.

6. கீபோர்ட்டும் மவுஸும்

இரண்டு கம்பியூட்டர், நான்கு யூஎஸ்பி போர்ட் உள்ள ஸ்விட்ச் ஒன்று வாங்குங்கள். அதில் இருந்து வரும் இரண்டு கேபிளில் ஒன்று டெஸ்க்டொப்பின் பின்னால் நிரந்தரமாகப் போகட்டும். மற்றது மேசையின் முன்பக்கம், எச்டிஎம்ஐ கேபிளின் முனையோடு சேர்ந்து கிடக்கட்டும். இரண்டையும் ஒரு துணிப் பட்டியால் கட்டிவிட்டால் லப்டொப் வந்ததும் இரண்டையும் சேர்த்தே எடுத்துக் கொழுவலாம்.

ஸ்விட்ச்சின் பட்டன் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மேசையின் பின்னால் போய் விழும் ஸ்விட்ச்சை யாரும் பாவிக்க மாட்டார்கள். இருபக்கமும் ஒட்டும் பட்டியால் மேசை விளிம்பின் அடியில் ஒட்டிவிடுங்கள்.

வயர்லெஸ் மவுஸின் சிறிய டொங்கிளை (மவுஸோடு வரும் யூஎஸ்பித் துண்டு) ஸ்விட்ச்சிலேயே செருகலாம். ஆனால் நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டுக்கு ஒட்டினாற்போல வேண்டாம். யூஎஸ்பி 3 வேலை செய்யும்போது 2.4 கிகாஹேர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் எழும்பும். டொங்கிளும் அதே பகுதியில்தான் பேசுகிறது. மவுஸ் விட்டு விட்டு ஓடினால் பற்றரியை மாற்றுவதற்கு முன் டொங்கிளை வேறு இடத்துக்கு மாற்றிப் பாருங்கள். ஒரு சாண் நீட்டிப்புக் கேபிள் போதும்.

ஸ்விட்ச்சில் ஒருபோதும் கொழுவக் கூடாதது வெளி ஹார்ட் டிஸ்க்கும் பென் டிரைவும். பட்டனைத் தட்டுவது, ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கைப் பிடுங்குவதற்குச் சமம். எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் கோப்பு கெடும், சில வேளை முழு டிஸ்க்கும் திறக்காது. ரீச்சரின் மகனுக்கு உயர்தரப் பாடக் குறிப்புகள் இப்படித்தான் போயின. டிஸ்க்கை அந்தந்த இயந்திரத்திலேயே நேரடியாகக் கொழுவுங்கள்.

புளூடூத்தில் மூன்று இயந்திரங்களை ஞாபகம் வைத்திருக்கும் கீபோர்ட்களும் இருக்கின்றன. பட்டன் 1, 2, 3 என்று மாறும், ஸ்விட்ச்சே தேவையில்லை. நல்ல வழிதான். ஆனால் கீபோர்ட்டில் ஒன்று, மவுஸில் ஒன்று, மொனிட்டரில் ஒன்று என்று மூன்று தடவை தட்ட வேண்டும். அத்தோடு விண்டோஸ் ஏறுவதற்கு முன்னான பயோஸ் திரையில் புளூடூத் கீபோர்ட் பொதுவாக வேலை செய்யாது. அதனால் ஒரு சாதாரண வயர் கீபோர்ட் அலுமாரியில் இருக்கட்டும்.

இரண்டு இயந்திரத்தையும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே நேரத்தில் பாவிப்பவர்களுக்கு மைக்ரோசொஃப்டின் பவர்டொய்ஸில் உள்ள ‘மவுஸ் விதவுட் போர்டர்ஸ்’ இலவசமாகக் கிடைக்கிறது. மவுஸ் அம்பு ஒரு திரையின் ஓரத்தில் இருந்து மற்றத் திரைக்குள் போகும். இரண்டும் விண்டோஸாக, ஒரே ரவுட்டரில் இருக்க வேண்டும். அலுவலக லப்டொப் என்றால் கேட்காமல் நிறுவாதீர்கள்.

7. டொக் யாருக்கு வேண்டும்

எச்டிஎம்ஐயும் யூஎஸ்பியும் சார்ஜரும் என்று மூன்றைக் கொழுவுவதற்குப் பதில் ஒரே யூஎஸ்பி-சி கேபிள். டொக் தருவது அந்த வசதி. தினமும் பல தடவை லப்டொப்பை எடுத்து வைப்பவர்களுக்கு அது நல்லது. காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம் என்றால் எனக்கு அந்தச் செலவு தேவையாகப் படவில்லை.

வாங்குவதென்றால் தாளில் எழுதிய வொட்டைப் பாருங்கள். 100 வொட் என்று எழுதிய ஹப் தன் தேவைக்குக் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தை லப்டொப்புக்குக் கொடுக்கும். 60 வொட்டுக்கு மேல் போக 5 ஆம்பியர் தாங்கும் கேபிளும் வேண்டும். பெரிய கேமிங் லப்டொப்புகளைப் பெரும்பாலும் அதன் சொந்த சார்ஜரில்தான் ஓட்ட வேண்டும்.

மெக்புக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: எம்1, எம்2 புரொசசர் உள்ள மெக்புக் எயார் வெளியே ஒரு மொனிட்டரைத்தான் நேரடியாக ஓட்டும். டொக்கில் இரண்டு எச்டிஎம்ஐ இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

8. சத்தம், கமரா, தமிழ்

இணைய வகுப்பும் கூட்டமும் உள்ளவர்கள் கமராவையும் ஹெட்செட்டையும் ஸ்விட்ச்சில் கொழுவலாம், ஆனால் கூட்டம் ஓடும்போது பட்டனைத் தட்டக் கூடாது. லப்டொப்பில் கமராவும் மைக்கும் ஏற்கெனவே இருப்பதால் எங்கள் வீட்டில் ஹெட்செட்டை நேரே லப்டொப்பில் கொழுவுகிறோம். எச்டிஎம்ஐ கொழுவியதும் சத்தம் மொனிட்டருக்குப் போய்விடும். அதில் ஸ்பீக்கர் இல்லை என்றால் ‘சவுண்ட் செத்துப் போச்சு’ என்பீர்கள். கீழே உள்ள ஸ்பீக்கர் குறியைத் தட்டி வெளியீட்டை மாற்றினால் சரி.

தமிழில் எழுதுபவர்கள் இதைக் கவனியுங்கள். எந்த விசைக்கு எந்த எழுத்து என்பது கீபோர்ட்டில் இல்லை, இயந்திரத்தில் இருக்கிறது. டெஸ்க்டொப்பில் ரெங்கநாதனும் லப்டொப்பில் பாமினியும் போட்டிருந்தால், அதே கீபோர்ட்டில் அதே விரல் வேறு எழுத்தை அடிக்கும். எல்லா இயந்திரத்திலும் ஒரே விசைப்பலகையை நிறுவி, மொழி மாற்றும் பட்டன்களையும் ஒன்றாக வையுங்கள்.

9. தினமும் மாற்றும் வரிசை

லப்டொப் வரும்போது முதலில் சார்ஜர், பிறகு எச்டிஎம்ஐ, பிறகு யூஎஸ்பி. அதன் பின் ஸ்விட்ச் பட்டன், கடைசியாக மொனிட்டர் பட்டன். படம் மாறும்போது கீபோர்ட் அந்தப் பக்கம் தயாராக இருக்கும்; கடவுச்சொல்லை உடனே அடிக்கலாம்.

போகும்போது முதலில் ஸ்விட்ச்சையும் மொனிட்டரையும் டெஸ்க்டொப் பக்கம் திருப்பிவிட்டு, அதன் பிறகே கேபிள்களைக் கழற்றுங்கள். ஸ்விட்ச்சை லப்டொப் பக்கமே விட்டுப் போனால் அடுத்து டெஸ்க்டொப்பில் இருப்பவருக்கு மவுஸும் இருக்காது, கீபோர்ட்டும் இருக்காது. எங்கள் வீட்டில் தொடக்கத்தில் நடந்த சண்டைகள் எல்லாம் இதனால்தான். ஸ்விட்ச்சில் இரண்டு பக்க விளக்குக்கும் பக்கத்தில் ‘மேசை’, ‘மடி’ என்று ஒட்டிய பிறகு குறைந்தது.

10. படம் வரவில்லை என்றால் தேடும் ஒழுங்கு

கேபிளை மாற்றிக்கொண்டே போகாதீர்கள். முதலில் மொனிட்டர் எந்த உள்ளீட்டில் நிற்கிறது என்று மெனுவில் பாருங்கள். நான் பார்த்த பாதிக்கு மேற்பட்ட ‘பழுதுகள்’ இங்கேயே முடிந்துவிட்டன. அடுத்து விண்டோஸ், பி (P). அதற்கும் இல்லை என்றால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (இது B, முன்னதைப் போல P இல்லை) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராபிக்ஸ் திரும்ப எழும்பும், திறந்திருக்கும் வேலை எதுவும் அழியாது.

அதற்குப் பிறகு ஹப், மாற்றி, ஸ்விட்ச் எல்லாவற்றையும் நீக்கி, ஒரு இயந்திரம், ஒரு கேபிள், ஒரு மொனிட்டர் என்று சுருக்குங்கள். படம் வந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் படம் போகிறதோ அதுதான் பிழை. அப்படியும் வராவிட்டால் மட்டும் கேபிளைச் சந்தேகியுங்கள்.

கீபோர்ட் திடீரென்று எழுத்துகளைத் தவறவிட்டால், ஸ்விட்ச்சில் எத்தனை பொருள் கொழுவியிருக்கிறது என்று எண்ணுங்கள். கமரா, விளக்கு, போன் சார்ஜ் எல்லாம் ஒரே யூஎஸ்பி கேபிளில் இருந்து கரண்ட் எடுத்தால் கீபோர்ட்டுக்குப் போதாமல் போகும். போனை அங்கே சார்ஜ் பண்ணாதீர்கள்.

11. உப்புக்காற்றும் மின்னலும்

கடலோரத்தில் இருப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது இது. கொழுவாமல் வெளியே கிடக்கும் கேபிள் முனையும் பாவிக்காத போர்ட்டும்தான் முதலில் உப்புப் பிடிக்கும். தொடும் இடம் பச்சையாகவோ மங்கலாகவோ மாறும்; பிறகு படம் விட்டு விட்டு வரும். லப்டொப்புக்காகக் கிடக்கும் இரண்டு முனைகளுக்கும் மூடி போடுங்கள். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஐசோபுரொப்பைல் அல்ககோலில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் கேபிள் முனைகளைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின் கொழுவுங்கள். ஈரத் துணி வேண்டாம்.

மேசையைக் கடல் பார்த்த ஜன்னலுக்குக் கீழே போடாதீர்கள். வாடைக்காற்று மழை சாய்ந்து அடிக்கும்போது முதலில் நனைவது தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் கோட்தான். அதை மேசைக் காலில் தரையில் இருந்து ஒரு முழம் உயரத்தில் கட்டுங்கள்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி தொடங்கினால் சுவர் சொக்கெட்டில் இருந்து பிளக்கைக் கழற்றுங்கள்; சொக்கெட்டின் ஸ்விட்ச்சை மட்டும் நிறுத்துவது போதாது. ரவுட்டருக்கு வெளியில் இருந்து செப்புக் கம்பி லைன் வந்தால் அதையும் கழற்றுங்கள்; ஃபைபர் கேபிள் மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் ரவுட்டரின் அடப்டர் கடத்தும். மேசையில் எல்லாம் எச்டிஎம்ஐயாலும் யூஎஸ்பியாலும் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால், ஒன்றுக்குள் புகுந்த அதிர்ச்சி மற்றதுக்கும் போகும். அதனால் இடி கேட்டதும் நாங்கள் முதலில் செய்வது, லப்டொப்பை அந்த இரண்டு கேபிளில் இருந்தும் சார்ஜரில் இருந்தும் கழற்றி, வேறு அறைக்கு எடுத்துப் போய்ப் பற்றரியில் வேலையைத் தொடர்வது.